நற்சான்று எழுதும் கை

முதுமையினாலோ நோயினாலோ தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத நிலைக்கு வந்துவிட்ட ஒருவரை, இரத்த உறவு ஏதும் இல்லாத ஓர் அந்நியரின் பொறுப்பில் ஒப்படைக்க நேரும்போது நம் உள்ளத்தில் முதலில் எழுகின்ற கேள்வி, 'இவர் எப்படிப்பட்டவர்?' என்பதே. என்ன படித்தவர், எத்தனை ஆண்டு அனுபவம் உடையவர் என்பனவெல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன. குளிப்பாட்டுகிற கை, சோறூட்டுகிற கை, நடுநிசியில் ஊசி போடுகிற கை எத்தகையது என்பதை நாம் அறிய விரும்புகிறோம். படுக்கையில் கிடப்பவரோ அதைச் சோதித்துப் பார்க்க இயலாதவர். தமக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்லவும் பல வேளைகளில் இயலாதவர்.

இக்கேள்விக்கு இன்றைய உலகம் ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருக்கிறது. வேலை கேட்டு வருபவரின் பெயரைக் காவல்துறையின் ஏடுகளில் தேடிப் பார்க்க வேண்டும், குற்றம் எதுவும் பதிவாகவில்லையென்றால் ஏற்றுக்கொள்ளலாம், பதிவாகியிருந்தால் விலக்கிவிடலாம். மேலை நாடுகள் பலவற்றில், முதியோரை நீண்டகாலம் வைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் இச்சோதனையைச் செய்தே தீர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அது வேண்டிய சட்டந்தான்; அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், 'இவர் எப்படிப்பட்டவர்?' என்னும் வினாவுக்கு விடை சொல்லும் கடமை உண்மையில் யாரைச் சேர்ந்தது? காவல்துறையின் ஏட்டையா? அவர் அருகில் நின்று பணிபுரிந்து, அவருடைய போக்கைக் கண்ணாரக் கண்ட மனிதரையா? இதனையே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொள்கிறோம்.

அதற்குமுன் ஒரு சொல். முதியோர் இல்லம் என்றவுடனே, 'பெற்றோரைத் தள்ளிவைப்பவர்களின் ஊரில் நடப்பது நமக்கு எதற்கு?' என்று உதட்டைப் பிதுக்குவோர் நம்மிடையே உண்டு. அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. நினைவு முற்றிலும் குழம்பிப்போன ஒருவரை இரவும் பகலும் கண்ணிமை மூடாமல் காப்பது, வேலைக்குச் செல்லும் இரண்டு பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் சக்திக்கு மீறியதாகி விடுகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்கின்றனர். இலங்கையினின்று பெயர்ந்து சென்ற தமிழ் மக்கள் பெருந்தொகையினராகக் குடியேறியிருப்பதும் அந்த மாநிலத்தில்தான். ஆகவே அங்குள்ள படுக்கைகளிலும், அந்தப் படுக்கைகளின் அருகே நின்று பணிசெய்வோரிடையேயும் நம் மொழி பேசுவோர் இருக்கிறார்கள். நாம் எடுத்துச் சொல்லப்போகும் வழக்கும் அந்த மாநிலத்தில் நடந்ததே.

எலிசபெத் வெட்லாஃபர் என்பவர் பதிவு பெற்ற செவிலி. 2007ஆம் ஆண்டு உட்ஸ்டாக் என்னும் சிறு நகரத்திலுள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவர் பணிக்குச் சேர்ந்தார். அந்த ஆண்டு முதல் 2016 வரை, அவருடைய பொறுப்பில் இருந்தவர்களுக்குத் தேவையில்லாத இன்சுலினை அளவுக்கு மீறி ஊசியில் ஏற்றி எட்டுப் பேரைக் கொன்றார். நான்கு பேரைக் கொல்ல முயன்றார். மேலும் இருவருக்குக் கொடுந்தீங்கு செய்தார். கொல்லப்பட்ட எண்மரில் எழுவர் அந்த உட்ஸ்டாக் இல்லத்தில் இருந்தவர்கள். 2017 ஜூன் மாதத்தில் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பரோல் கேட்க இயலாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் நம்மை உறைய வைப்பது எண்ணிக்கை மட்டுமன்று. அந்த ஒன்பது ஆண்டுகளில் எவரும் அவரைப் பிடிக்கவில்லை. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் டொராண்டோவிலுள்ள ஒரு மனநல மருத்துவமனையில் தாமாகச் சேர்ந்து, தாமாகவே அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொல்லாதிருந்தால் அக்கொலைகள் வெளிப்பட்டிருக்கவே மாட்டா என்பது, பின்னர் இதனை விசாரித்த பொது விசாரணை ஆணையத்தின் முடிவு. இறந்தவர்கள் முதியவர்கள், பலர் நாட்பட்ட நோயாளிகள். முதியவர் ஒருவர் இறந்தால் ஏன் என்று கேட்பவர் யார்? இன்சுலினோ, போதை மருந்துகளைப்போல் எண்ணிக் கணக்கு வைத்துப் பூட்டப்படும் மருந்தன்று. இரண்டு புட்டிகள் குறைந்தாலும் கணக்குக் கேட்பார் இல்லை.

இனி, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். இவரைப்பற்றிக் காவல்துறையின் ஏட்டில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. அவர்மீது எந்த நீதிமன்றமும் குற்றத்தீர்ப்பு அளித்ததில்லை. எத்தனை முறை சலித்தாலும், அந்தச் சல்லடையின் வழியே அவர் எவ்விதத் தடையுமின்றி இறங்கியிருப்பார். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்பதை அறிந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1995ஆம் ஆண்டிலேயே மாநிலத்தின் வடபகுதியில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிந்தபோது மருந்தைத் திருடி உட்கொண்டதற்காக அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தொழிற்சங்கம் அவருக்காக வாதாடியது, சமரசம் ஏற்பட்டது, நீக்கம் என்ற சொல் அழிக்கப்பட்டு, உடல்நலங் கருதித் தாமே விலகினார் என்று ஆயிற்று. உட்ஸ்டாக்கில் அவர் பணிபுரிந்த ஏழாண்டுக் காலத்தில் மருந்து மாற்றிக் கொடுத்தல் முதலிய பிழைகளுக்காகப் பல எச்சரிக்கைகளும் தற்காலிகப் பணிவிலக்கங்களும் அவருக்கு உண்டு. கடைசியாக, ஒருவருக்குரிய இன்சுலினை மற்றொருவருக்குப் போட்ட பிழைக்காக 2014 மார்ச் மாதம் அவரை அந்த இல்லம் வேலையிலிருந்து நீக்கியது. செவிலியரைப் பதிவு செய்து கண்காணிக்கும் கழகத்துக்கும் எழுதித் தெரிவித்தது. அக்கழகம் விசாரணை எதையும் தொடங்கவில்லை.

பிறகு நடந்ததைத்தான் நாம் நிதானமாக நோக்க வேண்டும். தொழிற்சங்கம் மறுபடியும் முறையீடு செய்தது. இல்லம் மறுபடியும் சமரசத்துக்கு இணங்கியது. பணிநீக்கம் என்பது மீண்டும் விலகல் என்றாயிற்று. கையில் ஒரு சிறு தொகை கொடுக்கப்பட்டது. அத்துடன் ஒரு நற்சான்றுக் கடிதமும் கொடுக்கப்பட்டது. அந்தக் கடிதத்தோடு அவர் அதே மாநிலத்து லண்டன் நகரில் உள்ள வேறோர் இல்லத்துக்குப் போனார். சில வாரங்களுக்குள் வேலை கிடைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் அவ்வில்லத்தில் ஒரு முதியவர் இறந்தார். எட்டாவது கொலை அதுவே.

அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவரை அரக்கர் என்று நாம் எண்ணிவிடலாகாது. அவருக்குக் கொலை நடந்தது தெரியாது. கவனக்குறைவான ஒரு செவிலியைத்தான் அவர் அறிந்திருந்தார். வழக்காடுவதென்றால் பணமும் மாதக்கணக்கான காலமும் வேண்டும். தோற்றால் அதே செவிலியைத் திரும்ப வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டியும் வரலாம். ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் பிரச்சினை கதவுக்கு வெளியே போய்விடும். தொழிற்சங்கத்துக்காரருக்கோ, தம் உறுப்பினருக்காக வாதாடுவது தொழில். அதை அவர் செவ்வனே செய்தார். புதிய இல்லத்துக்காரருக்கு ஆள் வேண்டும். நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் செவிலியருக்கு எப்போதும் தட்டுப்பாடு. நற்சான்றுடன் வருபவரைத் திருப்பி அனுப்புவார் யார்? ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் நியாயமானவர்களாகவே நின்றார்கள். பேரம் பேசும் அந்த மேசையைச் சுற்றி எல்லோருக்கும் நாற்காலி இருந்தது. லண்டன் நகரில் படுத்திருந்த அந்த முதியவருக்கு மட்டும் இல்லை.

விசாரணை ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர், ஒண்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி ஐலீன் கில்லீஸ் அம்மையார். 2017 ஆகஸ்டில் அமைக்கப்பட்ட அந்த ஆணையம் 2019 ஜூலை 31ஆம் நாள் தன் அறிக்கையை வெளியிட்டது. அதில் 91 பரிந்துரைகள் உள்ளன. குற்றவாளியைத் தவிர, தனிமனிதர் எவர்மீதும் பழி சுமத்த அம்மையார் மறுத்துவிட்டார். அமைப்பு முழுவதிலும் இருந்த ஓட்டைகளே காரணம் என்றார். இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு இது கசப்பாக இருந்திருக்கும். ஒரு நீதிபதி இப்படிச் சொல்வதற்கு வேண்டிய நியாயம் உண்டு. ஒருவரைப் பலிகொடுத்துவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவதை அவர் விரும்பவில்லை. ஆனால் ஒழுக்கத்தை ஆராய்கின்ற நமக்கு அதனோடு நின்றுவிட முடியாது. அமைப்பு என்பது கையெழுத்துப் போடுவதில்லை. கையெழுத்துப் போடுவது ஒரு கைதான்.

'பிறர் குறையை மறைப்பது புண்ணியம் அல்லவா? புறம் பேசுதல் பாவம் அல்லவா?' என்று நம் வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வியே. நம் வீடுகளில் சிறு வயதிலிருந்து ஊட்டப்படும் பண்பு அது. ஆனால் அதே மரபு வேறொன்றையும் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) என்னும் பெண்மணி, தம்மை மணமுடிக்க இருவர் கேட்டிருப்பதாகக் கூறி அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை வேண்டினார். நாயகம் அவர்கள் மழுப்பவில்லை. ஒருவர் பொருளற்றவர் என்பதையும், மற்றவர் தோளிலிருந்து கோலை இறக்காதவர் என்பதையும் வெளிப்படையாகவே சொல்லி, மூன்றாமவர் ஒருவரை மணக்கும்படி அறிவுரை கூறினார்கள். அவ்விருவரும் தோழர்கள். அவர்களைப்பற்றிச் சபையில் நாயகம் இவ்வாறு பேசித் திரியவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட இருந்தது, அவள் கேட்டாள், அவளுக்குத் தேவையான அளவு சொல்லப்பட்டது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள், ஒருவரைப்பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசுவதற்கு அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை எண்ணிக் காட்டுகையில், பிறரைத் தீங்கினின்றும் எச்சரிப்பதையும் ஆலோசனை கேட்டவரிடம் உண்மை உரைப்பதையும் அவற்றுள் சேர்த்திருக்கிறார்கள்.

ஹதீஸ் கலையை வளர்த்த அறிஞர் பெருமக்கள் இதனை ஒரு பெருந்துறையாகவே ஆக்கினார்கள் என்பதும் இங்கு நினைவுக்கு வருகிறது. அறிவிப்பாளர் இன்னார் நம்பத்தக்கவர், இன்னார் நேர்மையாளரே எனினும் ஞாபகம் குன்றியவர், இன்னாருக்கு முதுமையில் நினைவு குழம்பிற்று, அதற்குமுன் கேட்டவை ஏற்கத்தக்கவை என்று பெயர் சொல்லி எழுதி வைத்தார்கள். இறைபக்தி மிகுந்தவர் என்பதற்காக எவருடைய மறதியையும் அவர்கள் மறைக்கவில்லை. அதே வேளையில், ஒப்படைக்கப்பட்ட பொருளுக்குத் தொடர்பில்லாத குறைகளைத் தோண்டி எடுப்பதைத் தவறென்றும் கருதினார்கள். தேவையானதை முழுமையாகச் சொல், தேவையற்றதைத் தொடாதே. இந்த அளவுகோலை ஏந்திக்கொண்டு மேலே செல்வோம். ஏனெனில் இந்த வழக்குக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது; அது எளியவர்களின் பக்கம்.

அமெரிக்காவில் மத்திய அரசின் சுகாதாரத் துறைத் தலைமை ஆய்வாளர் அலுவலகம், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பணிபுரிவோரின் பெயர்களை எஃப்.பி.ஐ. ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து 2011ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கு 92 இல்லங்களில், குற்றத்தீர்ப்புப் பெற்ற ஊழியர் ஒருவரேனும் இருந்தார். கேட்பவர் திடுக்கிடத்தக்க செய்திதான். ஆனால் அதே அறிக்கையின் மற்றொரு கணக்கு, மொத்த ஊழியரில் அத்தகையோர் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவரே என்பது. அவர்கள் செய்த குற்றங்களுள் மிகுதியாகக் காணப்பட்டவை திருட்டு, செல்லாத காசோலை கொடுத்தல் போன்ற பொருள் சார்ந்த குற்றங்கள். அவர்களில் எவர் கை முதியவர்மேல் ஓங்கும், எவர் கை ஓங்காது என்பதை அந்த ஏடு சொல்வதில்லை. முதல் எண்ணை மட்டும் எடுத்துத் தலைப்பிட்டு அலறுவது பத்திரிகைகளுக்கு எளிது. (எண்ணை வைத்துப் பயமுறுத்துவதில் நம் பத்திரிகைகளும் இளைத்தவை அல்ல.)

அந்நாட்டின் பென்சில்வேனியா மாநிலம் இத்தகைய அச்சத்தில் ஒரு சட்டத்தை இயற்றியது. 1990களில் இயற்றித் திருத்தப்பட்ட அச்சட்டத்தின்படி, குறிப்பிட்ட குற்றங்களில் ஒன்றில் தண்டனை பெற்றவர் வாழ்நாள் முழுவதும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்க முடியாது. குற்றம் நடந்து எத்தனை ஆண்டாயிற்று, அதன்பின் அவர் எப்படி வாழ்ந்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. 1971ஆம் ஆண்டில் கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, அதன்பின் பல்லாண்டுகள் இத்துறையில் உழைத்த ஒருவரும் அச்சட்டத்தின் வலையில் சிக்கினார். அவரும் அவரையொத்த சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். அச்சட்டத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. 1998 ஜூலை முதல் நாளன்று ஒரே இல்லத்தில் ஓராண்டுக்கு மேல் பணிபுரிந்திருந்தவர் அங்கேயே தொடரலாம். தண்டனை பெற்றிருந்தாலும் தடையில்லை. அப்படியானால், ஓராண்டு பணிபுரிந்து தம் நன்னடத்தையை நிலைநாட்டியவரை நம்பலாம் என்றுதானே பொருள்? அதே நன்னடத்தையை வேறோர் இல்லத்தில், வேறோர் ஆண்டில் நிலைநாட்டியவரை ஏன் நம்பலாகாது? மாநில உச்சநீதிமன்றம் 2003ஆம் ஆண்டில் இதையே வினவி, வழக்குத் தொடுத்தவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் மற்றவர்கள்மீது தடை தொடர்ந்தது. பதினெட்டு வயதில் ஒரு கார்த் திருட்டு முயற்சியில் அகப்பட்டு, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்வேலைக்கு வர இயலாதிருந்தவர் ஒருவர். அவர் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், 2015ஆம் ஆண்டின் இறுதியில், அந்த வாழ்நாள் தடையே அரசியற் சட்டத்துக்கு முரணானது என்று வேறொரு மாநில நீதிமன்றம் அறுதியிட்டுரைத்தது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பதினெட்டு வயதில் தவறிய இளைஞர், தலை நரைத்த பின்னரும் இல்லத்தின் வாயிலில் தடுத்து நிறுத்தப்படுகிறார். மருந்து மாற்றிக் கொடுத்ததற்காக வேலை நீக்கம் செய்யப்பட்ட செவிலி, கையில் நற்சான்றோடு உள்ளே அழைக்கப்படுகிறார். முன்னவரின் குற்றம் ஏட்டில் ஏறிவிட்டது. பின்னவரின் பிழை ஏட்டில் ஏறும் வகையைச் சேர்ந்ததன்று. நோயாளியைக் கிள்ளுதல், தண்ணீர் கேட்டவரை அதட்டுதல், ஈரத் துணியோடு மணிக்கணக்கில் கிடக்க விடுதல், மருந்தை மாற்றிக் கொடுத்தல் ஆகிய இவை நீதிமன்றம் வரை செல்வது அரிது. இவற்றின் சாட்சிகள் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரும், அடுத்த முறைப்பணிக்கு வரும் ஊழியரும், மேற்பார்வையாளருமே. காவல்துறையின் ஏடு, பெரும்பாலும் வெளியில் நடந்தவற்றின் வரலாறு. இல்லத்துக்குள் நடந்தவற்றின் வரலாறு மனிதர்களின் நெஞ்சில்தான் இருக்கிறது. அவர்கள் வாய்திறந்தாலன்றி அடுத்த இல்லம் அதனை அறிய வழியில்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். காவல்துறைச் சான்று வாங்கிவிட்டோம் என்ற நிம்மதி, விசாரிக்கும் பழக்கத்தையே மழுங்கச் செய்துவிடுகிறது. கோப்பில் ஒரு தாள் இருக்கிறது, கடமை முடிந்தது. பழைய முதலாளியை அழைத்து, 'இவரை மறுபடியும் வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா?' என்று கேட்கும் சிரமத்தை அந்தத் தாள் மிச்சப்படுத்திவிடுகிறது. கில்லீஸ் ஆணையம் வேலைக்கு ஆள் எடுப்பதைப்பற்றிச் சொன்னவை இந்த இடத்தைத்தான் தொடுகின்றன. முன்பு பணிபுரிந்த இடங்களில் ஆழமாக விசாரிக்க வேண்டும்; பணி வரலாற்றில் இடைவெளியோ நீக்கமோ தென்பட்டால் அதன் காரணத்தைத் தேட வேண்டும்; சேர்ந்த புதிதில் நெருங்கிக் கண்காணிக்க வேண்டும் என்பன அவை.

'உண்மையைச் சொன்னால் மானநட்ட வழக்குப் போடுகிறார்களே!' என்பது முதலாளிகளின் முறையீடு. அதில் பொய்யில்லை. சார்ல்ஸ் கல்லன் என்னும் ஆண் செவிலியர், நியூஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் பதினாறு ஆண்டுகளில் ஒன்பது மருத்துவமனைகளையும் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தையும் கடந்து சென்றார். 2003 டிசம்பரில் கைது செய்யப்பட்ட அவர், 29 கொலைகளுக்குக் குற்றவாளியானார். அவரைச் சந்தேகித்த இடங்களும் இருந்தன. ஆயினும், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார் என்பதற்கு மேல் வாய்திறக்க அஞ்சிய காரணத்தால் அவர் ஓரிடம் விட்டு ஓரிடம் போய்க்கொண்டே இருந்தார். அதன் பின்னர் நியூஜெர்சி 2005ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. நோயாளிக்கு ஆபத்து விளைக்கும் வகையில் நடந்துகொண்ட மருத்துவப் பணியாளரைப்பற்றி அரசுக்கு அறிவிப்பது கடமையாக்கப்பட்டது. அடுத்து வேலைக்கு வைக்க விரும்பும் நிலையம் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடு உண்மை சொன்னவர்மீது வழக்கில்லை. நம் கருத்தில், முன்வரலாற்றுச் சோதனைச் சட்டங்கள் பத்து இயற்றுவதைவிட இத்தகைய சட்டம் ஒன்று மேலானது. அது நல்ல மனிதரின் நாவை அவிழ்த்துவிடுகிறது.

சட்டம் அவிழ்த்துவிட்டாலும் பேசாத நாவுகள் உண்டு. வெட்லாஃபர் தம் வாக்குமூலத்தில் சொன்னவற்றுள் மனத்தை மிகவும் அலைக்கழிப்பது, மருத்துவமனையில் சேருமுன்பே தாம் செய்ததைச் சிலரிடம் சொல்லியிருந்ததாக அவர் கூறியதே. அவர்களுள் ஒரு மதகுருவும் ஒரு வழக்கறிஞரும் உண்டாம். சிலர் நம்பவில்லை, சிலர் அறிவுரை கூறி அனுப்பினர். எவர் வழியாகவும் செய்தி காவல்துறைக்குச் செல்லவில்லை. வழக்கறிஞருக்குத் தொழில் கட்டுப்பாடு உண்டு, அவரை விட்டுவிடுவோம். மற்றவர்களைப்பற்றி என்ன சொல்வது? இரகசியத்தை நம்பிச் சொன்னவளைக் காட்டிக்கொடுக்கலாகாது என்ற எண்ணம் ஓர் உயர்ந்த எண்ணந்தான். ஆனால் நம்பி ஒப்படைக்கப்பட்டது இரகசியம் ஒன்று மட்டுமா? நாளை இரவு அவள் கையில் ஊசியோடு எவர் அருகில் போய் நிற்பாளோ அவருடைய உயிரும், அதைக் கேட்ட கணத்திலிருந்து கேட்டவரிடம் அமானிதமாகிவிடுகிறது. இரண்டு அமானிதங்கள் மோதும்போது, பேச வாயில்லாதவருடைய அமானிதம் முந்தியது என்பதே நம் துணிபு.

சொல்லும் கடமையைப்பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டோம். காணும் வழியையும் அந்த ஆணையம் நினைத்துப் பார்த்தது. மருந்தறைகளுக்குக் கண்ணாடிக் கதவோ சாளரமோ அமைக்க வேண்டும், உள்ளே நிற்பவர் வெளியிலிருப்போர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் யோசனைகளுள் ஒன்று. இன்சுலின் உட்பட மருந்துகளின் வரவு செலவு தெரியவேண்டும். இறப்பு நேரும்போது அது எதிர்பார்த்த இறப்புத்தானா என்பதை ஆராயும் வகையில் படிவம் இருக்க வேண்டும். பதிவு பெற்ற செவிலியரின் எண்ணிக்கை கூட வேண்டும். இவை மனத்துக்கு நிறைவளிக்கும் யோசனைகள். கண்ணாடிச் சாளரம் எவரையும் முன்கூட்டியே திருடன் என்று அழைப்பதில்லை. நல்லவரையும் தீயவரையும் ஒரே வெளிச்சத்தில் நிறுத்துகிறது. நல்லவருக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை. அங்கெல்லாம் இப்பணியில் அடிமட்டத்தில் உழைப்பவர்களுள் வேற்று நாடுகளிலிருந்து வந்த பெண்கள் மிகுதி. குறைந்த ஊதியத்துக்குப் பிறருடைய பெற்றோரைத் தூக்கிக் கழுவித் துடைத்துவிடும் அப்பெண்களைப் பார்த்து, 'உன் குற்றப் பதிவைக் காட்டு' என்று கேட்பதோடு நம் விழிப்பு முடிந்துவிட்டால் அது ஒருவகை அகங்காரமும் ஆகும். மேலதிகாரியின் நற்சான்றை எவரும் அப்படிச் சோதிப்பதில்லை.

நற்சான்று எழுதும் நிலை நமக்கும் வராமல் இல்லை. மக்கள் வெளிநாட்டிலும் பெற்றோர் ஊரிலுமாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. படுக்கையில் விழுந்த பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணையோ ஆணையோ சம்பளத்துக்கு வைக்கிறோம். ஏதோ ஒரு மனக்குறையில் நிறுத்திவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து அடுத்த தெருவிலிருந்து கேட்டு வருகிறார்கள்: 'உங்கள் வீட்டில் இருந்தவளாமே, எப்படி?' பாவம், பிழைப்பைக் கெடுப்பானேன் என்று, 'நல்ல பிள்ளைதான்' என்கிறோம். அல்லது கோபம் மிச்சமிருந்தால், அவள் குடும்பத்துக் கதை முழுவதையும் அவிழ்த்துவிடுகிறோம். முதலாவது கேட்டவருக்கு இழைக்கும் அநீதி. இரண்டாவது அவளுக்கு இழைக்கும் அநீதி. அவள் வாப்பாவுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்தாளா, இரவில் கூப்பிட்டால் எழுந்தாளா, எரிச்சலில் கையை முறுக்கினாளா என்பவையே கேட்டவருக்கு வேண்டியவை. கண்டதைச் சொல்லலாம், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே சொல்லலாம், காணாததை விட்டுவிடலாம். அவள் வேலையை விட்டுச் செல்கின்ற நாளிலேயே அவளை உட்காரவைத்து, 'உன்னைப்பற்றி யாரேனும் கேட்டால் நாங்கள் இன்னின்னதைச் சொல்வோம்' என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதும் நல்லது. தவறிருந்தால் மறுத்துரைக்க அவளுக்கு ஒரு வாய்ப்பு அப்போது கிடைக்கும். உட்ஸ்டாக்கில் நடந்த அந்தச் சமரசப் பேச்சில், அடுத்து வரும் இல்லம் கேட்டால் எதைச் சொல்வது என்பதை இப்படி இரு தரப்பும் திறந்து பேசி, உண்மையையே எழுதி வைத்திருந்தால், லண்டன் நகர இல்லத்தார் குறைந்தபட்சம் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்கள்.